நாய்க்கு ஊசி போட்டதா, எப்போது, எத்தனை தடவை?

நாய் கடித்த பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போனால், காயத்தைப் பார்த்த கையோடு வைத்தியர் மூன்று கேள்விகளைக் கேட்பார். கடித்த நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா? கடைசியாக எப்போது போடப்பட்டது? இதுவரை எத்தனை தடவை போடப்பட்டது? முதல் கேள்விக்கு இலங்கையில் நம் மலையகத்தில் பெரும்பாலானோர் "போட்டிருக்கு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். இரண்டாவதற்கு "போன வருஷம் போல" என்கிறோம். மூன்றாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது நம்மில் பலருக்கு விளங்குவதில்லை.

என் தங்கையின் மகனை எங்கள் பணிய லயத்து (தோட்டத்தில் கீழ்ப்பக்கம் உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய் கணுக்காலில் கடித்த நாளில் அந்த மூன்று கேள்விகளுக்கும் சரியான பதில் எங்களிடம் இருக்கவில்லை. நாயை வளர்த்த அக்கா, அதன் தடுப்பூசி அட்டை ஒரு தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லித் தேடி எடுத்துத் தந்தார். பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார். ஆனால் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததால், நாயின் பெயரும் நிறமும் எழுதிய இடம் தெளிவாக இருக்க, திகதி எழுதிய இடம் மட்டும் நீல மையாகக் கரைந்து போயிருந்தது. திகதி தெரியாத ஊசியை வைத்தியர் கணக்கில் எடுக்க முடியாது. பிள்ளைக்குத் தடுப்பூசி உடனே தொடங்கப்பட்டது, அதுவே சரியான முடிவும் ஆகும். அன்றிலிருந்து, ஊசி போடுவதைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அதன் காலக்கணக்கைப் பற்றிப் பேசுவதில்லையே என்ற எண்ணம் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கை, முன்பின் எதுவும் தெரியாத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகப் பார்ப்போம். விசர்நாய்க்கடி நோய் என்றும் நீர்வெறுப்பு நோய் என்றும் அழைக்கப்படும் இது ஒரு வைரசினால் வருவது. அந்த வைரஸ் நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடியின் வழியாகவும், கீறலிலோ புண்ணிலோ கண், வாய் போன்ற இடங்களிலோ உமிழ்நீர் படுவதன் வழியாகவும் அது உடலுக்குள் நுழைகிறது. நுழைந்த பின் நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும் அந்தப் பயணம், சிலருக்கு ஒரு வாரத்திலும் முடியலாம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீளலாம். மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவதற்கு வைத்தியம் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் வைரஸ் மூளையை அடையும் முன்பே உடலில் எதிர்ப்புச் சக்தி தயாராக இருந்தால் நோய் வராது. மனிதருக்குக் கடிபட்ட பின்பும் ஊசி போட்டு அந்தச் சக்தியை உண்டாக்கலாம், நாய்க்குக் கடிபடும் முன்பே போட்டு வைக்க வேண்டும். உலகில் மனிதருக்கு இந்த நோய் தொற்றும் நேர்வுகளில் 100க்கு 99 நாய்களின் வழியாகவே வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகையால் நாயின் உடலில் உள்ள எதிர்ப்புச் சக்திதான் நம் பிள்ளைகளுக்கு முதல் வேலி.

நாய்க்குப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கொல்லப்பட்ட வைரசைக் கொண்டு அது தயாரிக்கப்படுகிறது, எனவே ஊசியினால் நாய்க்கு விசர் பிடித்துவிடும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. செத்த வைரசைக் கண்ட உடல், உயிருள்ளது வந்தால் எப்படி எதிர்ப்பது என்று பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்துக்கு மூன்று நான்கு வாரங்கள் தேவைப்படுகின்றன. இன்றைக்கு ஊசி போட்ட குட்டிக்கு நாளைக்கே பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. முதல் ஊசியில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சிறிது சிறிதாக இறங்கத் தொடங்கும். இறங்கும் வேகம் எல்லா நாய்க்கும் ஒன்றல்ல. நன்றாகச் சாப்பிட்டு, பூச்சி மருந்து கொடுக்கப்பட்டு வளரும் நாயின் உடல் ஒரு விதமாகவும், பிள்ளை மடுவத்தின் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின்) பின்பக்கம் கொட்டும் மிச்சச் சோற்றை நம்பி வாழும், வயிற்றில் பூச்சியுள்ள நாயின் உடல் வேறு விதமாகவும் பதில் சொல்லும். இரண்டாவது ஊசி போடப்படும்போது, ஏற்கெனவே பழகிய உடல் முன்னைவிட வேகமாகவும் உயரமாகவும் எதிர்ப்புச் சக்தியை எழுப்புகிறது, அது முன்னைவிட நீண்ட காலம் நிற்கவும் செய்கிறது. வைத்தியர் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு ஊசி போட்ட நாயையும் இரண்டு ஊசி போட்ட நாயையும் ஒன்றாக எண்ண முடியாது.

இலங்கையில் சுகாதாரத் துறையும் கால்நடை வைத்தியர்களும் சொல்லும் பொதுவான விதி எளிமையானது: நாய்க்கும் பூனைக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஊசி. ஓராண்டு என்பது கடைசி ஊசியின் திகதியிலிருந்து எண்ணப்படும் 12 மாதங்கள். பலரும் இதை "வருஷத்துக்கு ஒன்று" என்று மேலோட்டமாகப் புரிந்துகொண்டு, கடந்த வருடம் தை மாதத்தில் போட்ட ஊசிக்கு இந்த வருடம் மார்கழியில் அடுத்ததைப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாட்காட்டியின்படி இரண்டு வருடங்களுக்கு இரண்டு ஊசி ஆகிவிட்டாலும், இடையில் 23 மாதங்கள் கழிந்துவிட்டன. அவற்றில் 11 மாதங்கள் அந்த நாய் கணக்கின்படி தவணை தவறிய நாய்தான்.

இணையத்தில் தேடிப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். தடுப்பூசிக் குப்பிகள் பலவற்றின் உறையில் பாதுகாப்பு மூன்று ஆண்டுகளுக்கு நிற்கும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் முதல் ஊசிக்கு ஓராண்டு கழித்து இரண்டாவதைப் போட்டுவிட்டால், அதன் பின்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் இதைச் சொல்லி, "அங்கே ஏன் வருஷா வருஷம் குத்துகிறார்கள்" என்று கேட்பதும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த மூன்று ஆண்டு என்பது குறைந்த அளவு இத்தனை மாதமாவது பாதுகாப்பு நிற்கிறது என்று ஆய்வுக்கூடத்தில், நல்ல உடல்நிலையில் உள்ள விலங்குகளில் நிரூபிக்கப்பட்ட கணக்கு. விதி எழுதுகிறவர்கள் அந்தக் குப்பியோடு ஊரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாய்களிடையே இந்த நோய் அநேகமாக ஒழிந்துவிட்ட, ஒவ்வொரு நாய்க்கும் வேலியும் பதிவும் உள்ள ஊரில் மூன்று ஆண்டு இடைவெளி பொருந்தும். நோய் இன்னும் தெருவில் உலவுகிற, நாய்கள் லயத்துக்கு லயம் தாவித் திரிகிற, எந்த நாய்க்கு எப்போது போட்டோம் என்ற குறிப்பு மழைத் தண்ணீரில் கரைந்து போகிற ஊரில் அதே இடைவெளி ஆபத்தானது. ஆண்டுக்கு ஒருமுறை என்ற விதி, ஒரு தடவை தவறினாலும் முழுவதும் கைவிட்டுப் போகாமலிருக்க வைத்துக்கொண்ட இடைவெளி என்றே நான் கொள்கிறேன்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் நமக்கு விளக்குவதில்லை. ஒரு நாயின் பாதுகாப்பு வேறு, ஓர் ஊர் நாய்க் கூட்டத்தின் பாதுகாப்பு வேறு. ஒரு பிரதேசத்தில் உள்ள நாய்களில் 100க்கு 70க்காவது தடுப்பூசி போடப்பட்டிருந்தால், விசர் பிடித்த ஒரு நாய் அங்கே வந்தாலும் நோய் தொடர்ந்து பரவ வழி கிடைக்காமல் அடங்கிவிடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. இப்போது ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசனை (தோட்டத்தின் ஒரு பிரிவை) மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 100 நாய்கள் இருக்கின்றன, இந்த ஆண்டு முகாமில் 75 நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டோம், நல்ல நிலைமைதான். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் என்ன நடக்கிறது? பிரதான பாதையில் லொறியிலும் பஸ்ஸிலும் அடிபட்டுச் சில சாகின்றன. நோயிலும் முதுமையிலும் சில போகின்றன. தேயிலை மலையோடு காடு ஒட்டியிருக்கும் இடங்களில் சிறுத்தை இரவில் வந்து நாயைத் தூக்கிப் போவது நமக்குத் தெரிந்த கதைதான். போனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்புகின்றன. ஊசி போட்ட 75இல் 25 மறைந்து, ஊசி போடாத 25 குட்டிகள் வந்துவிட்டால், ஒரே ஆண்டில் 75 என்பது 50 ஆகிவிடும். உயிரோடு எஞ்சிய நாய்களின் உடலில் எதிர்ப்புச் சக்தி ஒரு துளியும் குறையாவிட்டாலும், டிவிசன் பாதுகாப்பை இழந்துவிட்டது. முகாம் ஆண்டுதோறும் வர வேண்டிய காரணம் இதுதான். மூன்று ஆண்டு நிற்கும் மருந்தைக் கொண்டு வந்தாலும், பிறக்காத குட்டிக்கு அதைப் போட முடியாதல்லவா?

இந்த முறை பலன் தராமல் போகவில்லை என்பதற்கு நம் நாடே சாட்சி. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கான தடுப்பூசி நாடு முழுவதும் ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கி, மனிதருக்கான சிகிச்சையும் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்பு, அந்த எண்ணிக்கை படிப்படியாக இறங்கி அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துகளுக்குள் வந்துவிட்டது. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதிலிருந்து, ஊசியும் கருத்தடையுமே நம்மிடம் உள்ள இரண்டு கருவிகள். நாய்களால் மனிதர் இந்த நோயில் இறக்கும் நிலையை 2030ஆம் ஆண்டுக்குள் இல்லாமல் ஆக்குவது என்பது உலக நாடுகள் வைத்துக்கொண்ட இலக்கு.

சட்டத்தின் பக்கம் வருவோம். நம் நாட்டில் இதற்கென்று இருக்கும் சட்டங்கள் நம் தாத்தா பாட்டன் காலத்தவை. விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பிரான்சில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்த நோய்க்கான ஊசியைப் போட்டது 1885இல்தான் என்பதை எண்ணினால், அது எவ்வளவு பழைய சட்டம் என்பது புரியும். நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. நாய் வளர்ப்பவர் அதனை ஆண்டுதோறும் தமது உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இருப்பவருக்கு அது மாநகர சபை, ஹட்டன் டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ இருப்பவருக்கு நகர சபை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை போன்ற இடங்களில் இருப்பவருக்குப் பிரதேச சபை. பதிவுக்குப் போகும்போது தடுப்பூசி போட்டதற்கான சான்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். பதிவு ஆண்டுக்கு ஒருமுறை, ஊசியும் ஆண்டுக்கு ஒருமுறை என்று இரண்டும் கைகோத்து நடப்பதால், பதிவை ஒழுங்காகச் செய்கிறவருக்கு ஊசியின் தவணை மறந்து போக வழியில்லை. ஆனால் தோட்டங்களில் இந்தப் பதிவுப் பழக்கம் வேரூன்றவே இல்லை. சபை நகரத்துக்குரியது, தோட்டத்துக் காரியங்களை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று பல தலைமுறைகளாகப் பழகிவிட்ட நமக்கு, நாயைப் பதிவு செய்யச் சபைக்குப் போவது என்பதே புதிய செய்தியாக இருக்கிறது. இதை மக்களின் அக்கறையின்மை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது என்பது என் கருத்து. தமிழில் எழுதிய ஓர் அறிவித்தலைத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஒட்டினாலே நிலைமை பாதி மாறும்.

சட்டம் பதிவு செய்யச் சொல்வது நாய்களைத்தான். பூனைக்குப் பதிவு இல்லை என்பதால் பூனைக்கு ஊசியும் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நோய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. நாய்க்கு அடுத்ததாக நம் வீடுகளில் இந்த நோயைக் கொண்டு வரக்கூடிய வளர்ப்பு விலங்கு பூனைதான், அது இரவில் வெளியே போய்க் கீரியோடும் மரநாயோடும் சண்டையிட்டுவிட்டு விடியற்காலையில் பிள்ளையின் போர்வைக்குள் வந்து படுக்கிறது. பூனைக்கும் அதே ஊசி, அதே ஓராண்டுத் தவணை. மாடு வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: மாட்டுக்கும் இந்த நோய் வரும், திடீரென்று தீனியை விட்டு, வாயில் எச்சில் ஒழுக விடாமல் கத்தும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று எண்ணி வெறுங்கையை வாய்க்குள் விடக் கூடாது.

குட்டிகளின் கணக்கு சற்று வேறானது. தாய்க்கு ஊசி போடப்பட்டிருந்தால், தாய்ப்பாலின் வழியாகக் குட்டிக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். அது இருக்கும் வரையில் குட்டிக்குப் போடும் ஊசி முழுமையாகப் பிடிக்காது. மூன்று மாத வயதில் அந்தத் தாய்வழிச் சக்தி மங்கிவிடும் என்பதால்தான் பெரும்பாலான தடுப்பூசிகளின் முதல் தவணை அந்த வயதுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் நம் லயங்களில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றின் தாய்க்கு ஊசியே போடப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட குட்டிக்கு மூன்று மாதம் வரை எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அந்த மூன்று மாதங்களில்தான் பிள்ளைகள் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எனவே முகாம் நடக்கும் நாளில் சின்னக் குட்டிதானே என்று வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. பொது முகாம்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும் போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்படிச் சிறு வயதில் போட்டால், மூன்று மாதம் கடந்ததும் மறுபடியும் ஒன்று போட வேண்டுமா என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். குட்டி கடித்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் தவறு. பால்பல் கீறிய காயத்தை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவதால் அது இன்னும் ஆபத்தானது. சினையாக இருக்கும் நாய்க்கு ஊசி போட்டால் குட்டி கலைந்துவிடும் என்று சொல்வோரும் உண்டு. இது கொல்லப்பட்ட வைரசைக் கொண்ட மருந்து என்பதால் சினை நாய்க்கும் போடலாம். நாயைக் கொண்டு வந்தவர் சினை என்பதைச் சொல்லிவிட்டால், ஊசி போடுகிறவர் அதைப் பிடிப்பதிலும் கட்டுவதிலும் கவனமாக இருப்பார்.

முகாம் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, நாய்கள் ஏன் தவறிப் போகின்றன என்பதும் தெரியும். சுகாதாரத் துறையின் ஊசி இலவசம். ஊசி போடுகிறவர் ஐஸ் போட்ட பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறார். மருந்து 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட குளிரிலேயே இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டது, சூடேறினாலும் கெட்டது. பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தவுடன் அவர் மூடியை அழுத்தி மூடுவதைக் கவனித்திருக்கிறேன், எத்தனை நாய் வரிசையில் குரைத்தாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நாய்களைக் கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் பாடசாலை போகாத சிறுவர்கள், மீதிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாமார். சேலைக் கரையைக் கிழித்துக் கழுத்தில் கட்டி இழுத்து வரப்பட்ட நாய், ஊசியைக் கண்டதும் கழுத்தை உருவிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு முகாம் வைத்தால், நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் அமுக்கிப் பிடிக்கக்கூடிய பெண்கள் அந்த நேரத்தில் கொழுந்து மலையில் நிற்கிறார்கள். அந்த நாய்க்கு அவர்களைத் தவிர வேறு யார் கைக்கும் அடங்கிப் பழக்கமில்லை. முகாமை மாலை நேரத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றித் தரும்படி தோட்டத்துத் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்பது பெரிய காரியமாக இருக்க முடியாது. முகாமுக்கு முதல் நாளே நாயைக் கட்டிப் போடுவதும், வாயைக் கட்ட ஒரு துணிப் பட்டியைத் தயாராக வைத்திருப்பதும் வீட்டாரின் பொறுப்பு.

முகாமைத் தவறவிட்டவர்கள் அடுத்த முகாம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து நகரத்தில் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால் எங்கே, எந்த நாளில் போடலாம் என்று சொல்வார்கள். தனியார் கால்நடை வைத்தியரிடம் கட்டணம் செலுத்திப் போடும் ஊசியும் செல்லும்.

இனி அட்டை. ஊசி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்தச் சிறிய அட்டை. அதில் நாயின் பெயர், நிறம், ஆணா பெண்ணா என்பது, உரிமையாளரின் பெயர், ஊசி போட்ட திகதி, அடுத்த ஊசிக்கான திகதி, மருந்துக் குப்பியின் தொகுதி இலக்கம், போட்டவரின் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அந்த அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறோம். அட்டையைப் பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறோம். அடுத்த திகதியை ஞாபகம் வைக்க எங்கள் லயத்து அக்காமார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேறும் கிழமைக்கு முந்திய கிழமையிலேயே லயத்து நாய் எல்லாவற்றுக்கும் ஊசியைப் போட்டுவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து கூடுவதற்கு முன்பு நாய்கள் தயாராக இருக்கும், வருடத்தில் எவரும் மறக்காத ஒரு நாளோடு ஊசியும் சேர்ந்துகொள்ளும். யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லா வீட்டிலும் சோறு தின்னும் லயத்து நாய்க்கு ஒரு வீட்டார் பெயரைக் கொடுத்து அட்டை எழுதி வாங்குவது நல்லது. சோறு போடும் கை பெயரையும் போட்டால்தான் அந்த நாய் கணக்கில் வரும்.

இப்போது வைத்தியரின் மூன்று கேள்விகளுக்குத் திரும்புவோம். கடிபட்டவுடன், வேறு எதையும் யோசிக்கும் முன்பு, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. அதன் பின் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டினாலும், அங்கிருந்து அடுத்த வைத்தியசாலைக்கு அனுப்பினால் அன்றைக்கே போய்விட வேண்டும். அங்கே வைத்தியர் நாயின் வரலாற்றைக் கேட்பது, மனிதருக்கு ஊசியை உடனே தொடங்குவதா, நாயைக் கவனித்துக்கொண்டு சில நாள் பொறுப்பதா என்று தீர்மானிப்பதற்காகத்தான். நாய் இப்போது உயிரோடும் நலத்தோடும் கண் பார்வைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு தடவை ஊசி போடப்பட்டிருக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போயிருக்கக் கூடாது, கடைசி ஊசி போட்டு ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். இவை எல்லாம் எழுத்தில் நிரூபிக்கப்பட்டால், நாயை 14 நாட்கள் கண்காணிப்பில் வைத்து, மனிதருக்கான ஊசியைத் தள்ளிப் போடுவது பற்றி வைத்தியர் யோசிக்கலாம். ஒன்று குறைந்தாலும் அவர் காத்திருக்க மாட்டார். அந்தத் தீர்மானத்தை வைத்தியரே எடுக்க வேண்டும், நாமாக அட்டையைப் பார்த்துவிட்டு வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

14 நாள் என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. நாயின் உமிழ்நீரில் வைரஸ் இறங்குவது அதன் மூளை பாதிக்கப்பட்ட பின்புதான், அந்த நிலைக்கு வந்த நாய் சில நாட்களுக்குள் நோய்க்குறி காட்டிச் செத்துவிடும். கடித்து 14 நாட்கள் கழித்தும் அது வழக்கம் போலத் தின்று குடித்து வாலாட்டிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இருந்திருக்காது. ஆகையால் கடித்த நாயை அடித்துக் கொல்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு. அடித்துக் கொன்றுவிட்டால் கண்காணிக்க நாய் இல்லை. இந்த நாட்களுக்குள் நாய் தானாகச் செத்தாலோ, நடத்தை மாறினாலோ உடனே வைத்தியசாலைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்ல வேண்டும். செத்த நாயின் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி மூளையைச் சோதித்தால், நோய் இருந்ததா என்று தெரிந்துவிடும். தலையை நசுக்கியிருந்தால் அந்தச் சோதனையும் கைவிட்டுப் போகும். தலையை வெட்டி எடுப்பது பயிற்சி உள்ளவரின் வேலை, வீட்டில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

உங்கள் நாயையே சந்தேகத்துக்குரிய வேறொரு நாயோ கீரியோ கடித்துவிட்டால், தவணை முடியாத ஊசி இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போய் இன்னொரு ஊசி போட்டு, நாயைக் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். ஊசியே போடப்படாத நாயாக இருந்தால் நிலைமை கடினமானது. அதைப் பல மாதங்கள் தனியே அடைத்து வைக்க நேரலாம், சில வேளைகளில் அதன் உயிரைப் போக்கும்படியும் வைத்தியர் சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு ஊசி நாயின் உயிருக்கும் காவல் என்பது அந்த இடத்தில்தான் வீட்டாருக்கு உறைக்கிறது.

தவணை தவறிவிட்டால் என்ன செய்வது என்பதே அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 13 மாதமோ 15 மாதமோ ஆகிவிட்டது என்றால், வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல் நினைவு வந்த அன்றே போய் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம். பழகிய உடல் உடனே விழித்துக்கொள்ளும், அன்றைய திகதியிலிருந்து அடுத்த 12 மாதத்தை எண்ணத் தொடங்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், மேலே சொன்ன வைத்தியசாலைக் கணக்கின்படி பழைய ஊசி சேர்த்துக்கொள்ளப்படாது. அந்த நாய் மறுபடியும் ஒரு ஊசி போட்ட நாயாகவே நிற்கும், அதற்கு அடுத்த ஆண்டு தவறாமல் இரண்டாவதையும் போட்டால்தான் வைத்தியரின் மூன்றாவது கேள்விக்கு "இரண்டு தடவை" என்று அட்டையை நீட்டிப் பதில் சொல்ல முடியும். எங்கள் பணிய லயத்து நாயின் பழைய அட்டையில் திகதி கரைந்து போனதால் அதற்குப் புதிதாக ஓர் அட்டை எழுதி வாங்கினோம். அதில் இப்போது இரண்டு வரிகள் நிரம்பியிருக்கின்றன, மூன்றாவது வரியில் அடுத்த திருவிழாவுக்கு முந்திய கிழமையின் திகதி எழுதப்பட்டிருக்கிறது.